கொசுவும் கொசுத்தேனீயும்

தமிழில் 'கொசுத்தேனீ' என்றொரு சொல் உண்டு. கொடுக்கு இல்லாத, பார்வைக்குக் கொசுவைப் போன்று சிறுத்த, மர இடுக்குகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் கூடு கட்டி வாழும் ஒரு தேனீயை முன்னோர் அப்பெயரால் அழைத்தனர். மலாய் மக்கள் அதன் இனத்தைக் 'கெலுலுட்' என்பர். உருவத்தால் ஒன்றையும் தொழிலால் மற்றொன்றையும் ஒத்த அவ்வுயிருக்கு அப்பெயர் பொருத்தமானதே. ஒன்று நோயைச் சுமந்து வீடு வீடாகச் செல்வது. மற்றொன்று மகரந்தத்தைச் சுமந்து மலர் மலராகச் செல்வது. கண்ணுடையோர் இரண்டையும் எளிதில் பிரித்தறிவர். கொசுவைக் கொல்லவெனக் காற்றில் விடப்படும் நஞ்சுப் புகையோ அவ்வாறு பிரித்தறிவதில்லை.

இது கூறப்படும்பொழுதே மற்றொன்றும் கூறப்பட வேண்டும். மலாயாவில் கொசு ஒழிப்பைப் பழித்துரைப்பது நன்றி மறந்த செயலாகவே முடியும். அதனால் உயிர் பிழைத்தவர்களுள் பெருந்தொகையினர் தமிழ்ப் பாட்டாளிகள். ஆகவே, கொசுவை ஒழிக்க வேண்டுமா என்பதன்று ஆராயத்தக்க வினா. எவ்வெக்காலத்தில் எவ்வெம்முறையால் அஃது ஒழிக்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் பிற உயிர்களிடமிருந்து என்ன விலையைப் பெற்றது என்பதே வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கதாகும்.

மண்வெட்டியின் காலம்

1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில் பணியாற்றிய ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், அனோஃபிலிஸ் இனக் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். குளிர்காய்ச்சல் சதுப்பு நிலத்துத் தீய காற்றால் வருவது என்ற பழங்கருத்து அன்றோடு வீழ்ந்தது. இக்கண்டுபிடிப்பு நடைமுறைக்கு உதவுமா என்னும் ஐயத்திற்கு விடை தந்த இடங்களுள் முதன்மையானது சிலாங்கூரின் கிள்ளான் நகரமே ஆகும்.

1901-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். நகரத்தைச் சூழ்ந்து சதுப்பும் காடும் கிடந்தன. காய்ச்சல் கண்டவர்களால் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், திறந்த சில வாரங்களுக்குள்ளாகவே துறைமுகத் தொழிலாளரும் கப்பலோட்டிகளும் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் வீழ்ந்தனர். பெரும் பொருட்செலவில் எழுந்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. வாட்சன் மருந்துப் புட்டியை மட்டும் நம்பியிருக்கவில்லை. காட்டை வெட்டவும், சதுப்பைத் தூர்க்கவும், வடிகால் வெட்டவும், கடல்நீர் புகாமல் கரை எழுப்பவும் வேண்டும் என அரசை வலியுறுத்தினார். பணிகள் நடந்தன. அடுத்த ஆண்டே காய்ச்சலும் சாவும் வியப்புக்குரிய அளவில் குறைந்தன. பிரிட்டிஷ் பேரரசில் முதன்முதல் வெற்றி கண்ட மலேரியா ஒழிப்பு முயற்சிகளுள் ஒன்றாக ராஸ் இதனைப் போற்றினார்.

ஆனால் ரப்பர்த் தோட்டங்கள் கடற்கரைச் சமவெளியை விட்டு மலையடிவாரங்களுக்கு ஏறியபொழுது பழைய மருந்து பலிக்கவில்லை. சமவெளியில் காட்டு நிழலில் வளர்ந்த கொசு, காடழிந்ததும் மறைந்தது. மலையடிவாரத்திலோ காட்டை அழித்ததும் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் 'மாக்குலேட்டஸ்' என்னும் வேறொரு கொசு பெருகியது. புதிதாகக் காடு திருத்திய தோட்டங்களில், லயன் வீடுகளிலிருந்து நாள்தோறும் பிணங்கள் புறப்பட்டன. ஓராண்டில் ஆயிரம் பேருக்கு நூறு பேருக்கு மேல் மடிந்த தோட்டங்களும் இருந்தன. தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணியை நம்பிக் கப்பலேறியவர்களே அவர்களுள் பெரும்பாலோர். ஒரு வட்டாரத்திற்கு ஏற்ற முறை மற்றொன்றிற்கு ஆகாது என்பதை வாட்சன் இதனால் உணர்ந்தார். ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுசெல்லும் முறையை அவர் பரப்பினார். சிங்கப்பூரிலும் 1911-ஆம் ஆண்டில் தெலுக் பிளாங்கா பகுதியில் இத்தகைய பணி தொடங்கியது.

இவ்வரலாற்றில் வாட்சனின் பெயர் நிலைத்தது. வடிகால் வெட்டியவர்களின் பெயர்கள் எவ்வேட்டிலும் இல்லை. எனினும் அவர்கள் கையாண்ட கருவியின் இயல்பு கருதத்தக்கது. மண்வெட்டி நிலத்தின் வடிவத்தை மாற்றியது. சதுப்புக் காட்டை நம்பிய உயிர்களுக்கு அதனால் இழப்பும் நேர்ந்தது. ஆயினும் பூவில் அமர்ந்த தேனீயை அது தேடிச் சென்று கொல்லவில்லை.

எண்ணெயும் தூளும்

குழாய் பதிப்பது செலவு மிக்கது. ஆகவே 1914-ஆம் ஆண்டையொட்டி நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கும் முறை பரவலாயிற்று. முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்த தொழிலாளி, ஓடையோரமாக வாரந்தோறும் நடந்து தெளிப்பான். நீரின் மேற்பரப்பில் படரும் எண்ணெய்ப் படலம் கொசுப்புழுவின் மூச்சுக்குழலை அடைத்துவிடும். புழு கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதாலேயே இவ்வாரக் கணக்கு. நீரின் மேற்பரப்பை நம்பி வாழும் பிற பூச்சிகளும் இதனால் மடிந்தன. எனினும் இழப்பு நீரோடு நின்றது.

1920-களில் 'பாரிஸ் பச்சை' என்னும் ஆர்செனிக் நஞ்சுத் தூளும் கொசுப்புழுவைக் கொல்லப் பயன்பட்டது. இந்நஞ்சினைத் தேனீ வளர்ப்போர் முன்பே அறிந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பழத்தோட்டங்களில், பூக்கும் பருவத்தில் ஆர்செனிக் மருந்து தெளிக்கப்பட்டபொழுது தேனீக்கள் மாண்டன. மரம் பூத்திருக்கையில் நஞ்சு தெளிக்கலாகாது எனச் சில மாநிலங்கள் சட்டமே இயற்றின. ஒரு நூற்றாண்டுக்கு முன் பழத்தோட்டத்தில் கற்ற இப்பாடத்தைக் கொசு ஒழிப்புத் துறையினர் மீண்டும் மீண்டும் புதிதாகக் கற்க நேர்ந்தது.

கூரை சொன்ன செய்தி

1939-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர், டி.டி.டி. என்னும் வேதிப்பொருளின் பூச்சிக்கொல்லித் தன்மையைக் கண்டறிந்தார். 1948-ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. சுவரில் ஒருமுறை தெளித்தால் பல மாதங்கள் நிலைத்து, அதில் வந்து அமரும் கொசுவைக் கொல்லும் அம்மருந்தை உலகம் வரமென வரவேற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 1955-ஆம் ஆண்டில் மலேரியாவை அடியோடு அழிக்கும் உலகளாவிய திட்டத்தைத் தொடங்கியது. மலாயாவில் 1960-ஆம் ஆண்டில் சுங்கை பூலோவில் முன்னோடித் திட்டமும், 1967-ஆம் ஆண்டில் தீபகற்பம் முழுமைக்குமான திட்டமும் தொடங்கப்பெற்றன. இலட்சக்கணக்கானோர் காய்ச்சலிலிருந்து மீண்டனர் என்பதில் ஐயமில்லை. சிங்கப்பூர் மலேரியா அற்ற நாடு என 1982-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் வடபோர்னியோவின் கம்பங்களில் மக்கள் விந்தையொன்றைக் கண்டனர். மருந்து தெளித்த வீடுகளின் அத்தாப்புக் கூரைகள் உரிய காலத்திற்கு முன்பே இற்று விழலாயின. இதனை ஆராய்ந்த கட்டுரையொன்று 1963-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. கூரை ஓலையைத் தின்னும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழு எப்பொழுதும் அங்கு இருந்ததே. அப்புழுவைத் தாக்கிக் கட்டுக்குள் வைத்திருந்தது ஒரு சிறு குளவி. டி.டி.டி. அக்குளவியை எளிதில் கொன்றது. ஓலைக்குள் மறைந்திருந்த புழுவோ பெரும்பாலும் தப்பியது. காவலன் மாண்டான், கள்வன் பெருகினான், கூரை சரிந்தது.

சரவாக்கின் மலைப்பகுதியான பாரியோவில் 1960-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விமானப்படை வானிலிருந்து பாராசூட் மூலம் பூனைகளை இறக்கியதும் இக்காலத்தில் நிகழ்ந்ததே. இருபதுக்குச் சற்று அதிகமான பூனைகள், பின்னர் எழுந்த கதைகளில் ஆயிரக்கணக்காகப் பெருகின. பூனைக்கதை உலகெங்கும் பரவ, கூரைக்குளவியை அறிந்தவர் சிலரே. உண்மையில் குளவி தரும் பாடமே பெரிது. தேனீயும் குளவியும் ஒரே குடும்ப மரத்தின் கிளைகள். வீட்டுக்குள் தெளித்த மருந்தே கூரைக் குளவியை அழிக்குமானால், வெட்டவெளியில் தெளிப்பது மலர்தேடும் தேனீயை என்ன செய்யும்? 1962-ஆம் ஆண்டில் ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 'மௌன வசந்தம்' என்னும் பொருள்படும் நூலில் இவ்வினாவையே உலகின்முன் எழுப்பினார். பத்தாண்டு கழித்து, 1972-இல், அமெரிக்கா டி.டி.டி.யின் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடை செய்தது.

புகையின் காலம்

மலேரியா தோட்டத்தின் நோயாக இருந்தது. டிங்கி நகரத்தின் நோயாக வந்தது. பினாங்கில் 1901-02-ஆம் ஆண்டுகளிலேயே டிங்கி காணப்பட்டது எனினும், உயிர்கொல்லும் இரத்தக்கசிவு வடிவில் அது 1962-ஆம் ஆண்டில் அங்கே தலைகாட்டியது. 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோரை அது பலிகொண்டது; அவர்களுள் குழந்தைகள் பலர். இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பை நாடுவதில்லை. பூந்தொட்டித் தட்டு, தண்ணீர்ச் சாடி, கூரைப் பீலி, எறிந்த டயர் ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதன் தொட்டில். ஆகவே போர்க்களம் குடியிருப்புக்குள் வந்தது.

இரு நாடுகளும் இருவகையில் எதிர்த்தன. ஒன்று சட்டம். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் சிங்கப்பூரில் 1968-ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 1975-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டது. கொசுப்புழு வளர இடந்தந்த வீட்டுக்காரர் தண்டத்திற்கு உரியவரானார். மற்றொன்று புகை. நெடுங்காலமாக மலத்தியோன் என்னும் நஞ்சு டீசல் எண்ணெயில் கலந்து சூடேற்றப்பட்டு வெண்புகையாக வீதிகளில் விடப்பட்டது. பின்னர்ச் செவந்திப் பூவின் நஞ்சைப் போலச் செய்யப்பட்ட பைரித்திராய்டு மருந்துகள் வந்தன. புகை வண்டியின் இரைச்சல் கேட்டதும் சன்னலைச் சாத்துவதும், பிள்ளைகள் புகையின் பின்னே ஓடுவதும் ஒரு தலைமுறையின் நினைவாகிவிட்டன.

புகை கண்ணுக்குத் தெரியும். வடிகாலும் குப்புறக் கவிழ்த்த வாளியும் கண்ணில் படுவதில்லை. ஆகவே புகை விட்டால்தான் அரசு செயல்படுகிறது என மக்கள் நம்பினர். ஆனால் புகை அப்பொழுது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். நீரில் உள்ள புழுவும், காய்ந்த பாத்திரச் சுவரில் மாதக்கணக்கில் உயிர்தாங்கும் முட்டையும் அதற்கு அகப்படா. சாத்திய சன்னலுக்குள் திரைச்சீலையின் பின்னே ஒளிந்த கொசுவும் பெரும்பாலும் தப்பிவிடும். சில நாள்களில் புதிய கொசுக்கூட்டம் எழும். நோய் கண்ட இடத்தில் தொற்றுச் சங்கிலியை அறுக்கப் புகை உதவலாம். நாள்தோறும் செய்யும் சடங்காக அது பயன்படாது என்பதைச் சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியமே எடுத்துரைத்துள்ளது.

வீட்டுத்தோட்டத்தின் நிலையை இங்கு எண்ண வேண்டும். பூசணிப்பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும்; அச்சில மணி நேரத்தில் தேனீ வந்தால் காய் உண்டு, இல்லையேல் பிஞ்சு வெம்பி உதிரும். முருங்கைப்பூவைக் கருவண்டு நாடும். புடலையின் வெண்பூ இரவில் விரியும். அதனையும் பப்பாளியையும் அந்துப்பூச்சிகள் நாடும். ஏடிஸ் கொசு சுறுசுறுப்பாக இருப்பது காலையிலும் மாலையிலும் என்பதால் புகையும் அவ்வேளைகளிலேயே விடப்படுகிறது. காலைப்புகை பூசணியின் விருந்தாளியைச் சந்திக்கிறது. அந்திப்புகை புடலையின் விருந்தாளியைச் சந்திக்கிறது.

தேனீக்களுள்ளும் எல்லாம் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. மேலைநாட்டுத் தேனீயின் எடை ஏறத்தாழ 100 மில்லிகிராம். கொசுவின் எடை இரண்டு மூன்று மில்லிகிராமே. ஆகவே கொசுவைக் கொல்லும் துளி பெரிய தேனீயைக் கொல்லாமலும் போகலாம். வழிதப்பச் செய்து கூடு திரும்பாமல் செய்யலாம். ஆனால் கொசுத்தேனீ அதனினும் பன்மடங்கு சிறியது. அடுக்குத்தேனீ இடம் பிடிக்காவிடில் கூட்டை விட்டுக் கூட்டமாகப் பறந்துவிடும். கொசுத்தேனீயின் முதிர்ந்த அரசியோ வயிறு பருத்துப் பறக்கும் ஆற்றலை இழந்தவள். அவளை விட்டுக் குடி பெயர இயலாது. புகை சூழ்ந்தாலும் அக்குடும்பம் அங்கேயே வாழ வேண்டும், அல்லது அங்கேயே மடிய வேண்டும். அண்மைக் காலத்தில் கெலுலுட் வளர்ப்பு மலேசியாவில் பெருகி, அதன் தேனுக்கு 2017-ஆம் ஆண்டில் தனித்தர விதியே வகுக்கப்பட்ட நிலையில், இது பலருடைய பிழைப்பைத் தொடும் செய்தியுமாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், சிங்கப்பூரில் உள்நாட்டிலேயே ஸிக்கா நோய் தொற்றிய முதல் செய்தி வெளியாயிற்று. ஏடிஸ் கொசு பரப்பும் அந்நோய், கருவிலுள்ள சிசுவின் மூளையைப் பாதிக்கும் என்பதால் உலகமே அஞ்சியிருந்த நேரம் அது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உலகின் மறுகோடியில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து டார்செஸ்டர் மாவட்டத்தில், காலை ஆறரை மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையே ஒரு விமானம் 'நாலெட்' என்னும் கொசுக்கொல்லியைத் தூவிச் சென்றது. அங்கு நால்வர் ஸிக்கா கண்டிருந்தனர். நால்வரும் வெளியூர்ப் பயணத்தில் நோயைப் பெற்றவர்கள்.

சம்மர்வில் என்னும் ஊரில் ஒரு தேனீப் பண்ணையில் 46 கூடுகள் இருந்தன. விமானம் சென்றபின் கூட்டு வாயில்களில் தேனீக்கள் குவியல் குவியலாக மாண்டு கிடந்தன. ஏறத்தாழ 25 இலட்சம் என மதிப்பிடப்பட்டது. நாலெட் விரைவில் சிதையும் நஞ்சு. தேனீ கூட்டுக்குள் அடங்கியிருக்கும் இருள்வேளையில் தூவினால் தீங்கு மிகவும் குறையும். அன்றோ கதிரவன் எழும் வேளையில், தேனீக்கள் இரை தேடப் புறப்பட்ட நேரத்தில் அது பொழிந்தது. தேனீ வளர்ப்போர் சிலருக்கு முன்னறிவிப்பு சென்று சேரவில்லை என்பதை மாவட்ட நிர்வாகமே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஒரு தொலைபேசி அழைப்பும் இரண்டு மணி நேர முன்கூட்டலும் காத்திருக்கக்கூடிய உயிர்கள் அவை.

சிங்கப்பூரில் அவ்வாண்டு நானூறுக்கும் மேற்பட்டோர் ஸிக்கா கண்டனர். புகையும் இருந்தது, ஆனால் வீடு வீடாகச் சென்று தேங்கிய நீரைத் தேடுவதே பணியின் நடுநாயகமாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே வேறொரு முயற்சி தொடங்கியது. உவால்பாக்கியா என்னும் நுண்ணுயிரைத் தாங்கிய ஆண் ஏடிஸ் கொசுக்கள் வெளியில் விடப்பட்டன. அவற்றோடு கூடும் பெண்கொசுவின் முட்டைகள் பொரிவதில்லை. மலேசியாவில், உவால்பாக்கியா தாங்கிய ஆணும் பெண்ணும் சேர்த்து விடப்பட்டு, டிங்கிக் கிருமியைப் பரப்பும் ஆற்றல் குறைந்த கொசு இனம் நிலைபெறச் செய்யப்பட்டது. அவ்விடங்களில் டிங்கி 40 விழுக்காடு குறைந்ததாக 2019-ஆம் ஆண்டில் ஆய்வுமுடிவு வெளிவந்தது. அதற்கும் முன்பே, 1976-ஆம் ஆண்டில் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பாக்டீரியா, கொசுப்புழுவையும் அதன் நெருங்கிய உறவுப் பூச்சிகளின் புழுக்களையும் கொன்று தேனீயை விட்டுவிடும் தன்மையதென அறியப்பட்டிருந்தது. குறிபார்த்து எய்யும் அம்பு இருக்கையில் ஊரையே கொளுத்த வேண்டியதில்லை.

பூச்சியின் கூலி

மகரந்தம் சுமக்கும் பூச்சியின் அருமையை மலேசியத் தமிழ்ப் பெண்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து செம்பனை இங்கு வந்தபொழுது, அதன் பூவை நாடும் அந்துவண்டு உடன் வரவில்லை. ஆகவே தோட்டங்களில் தொழிலாளர்கள், பெண்கள் பலர் உள்ளிட்டோர், ஆண்பூவின் மகரந்தத்தைத் தூளோடு கலந்து, பெண்பூங்குலைகளில் மரம் மரமாக ஊதி வந்தனர். முள் கீறும் மட்டைகளுக்கிடையே கை நுழைத்துச் செய்த வேலை அது. 1981-ஆம் ஆண்டில், ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞரின் ஆய்வைத் தொடர்ந்து, கேமரூன் நாட்டு அந்துவண்டு ஜொகூர் மாநிலத்தில் விடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அவ்வேலை மறைந்தது, காய்ப்பு உயர்ந்தது. நெல்மணியளவும் இல்லாத ஒரு வண்டு ஆயிரக்கணக்கானோரின் உழைப்பைக் கூலியின்றி ஏற்றுக்கொண்டது.

அப்பூச்சியின் கூலி எவ்வளவு என்பது, அஃது இல்லாத காலத்தில் மனிதர் வாங்கிய கூலியைக் கொண்டே கணக்கிடப்பட்டது. பூசணிக்கும் முருங்கைக்கும் உழைக்கும் தேனீயின் கூலியை எவரும் கணக்கிட்டதில்லை. அது மறைந்த பின்னரே கணக்கு வரும்.

கிள்ளான் தொடங்கிச் சம்மர்வில் வரையிலான இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகின்றது. கொசு பிறக்கும் இடத்தை அழித்த முறைகள் நீண்ட பயனைத் தந்து, குறைந்த உயிர்விலையைக் கேட்டன. கொசு பறக்கும் வெளியை நஞ்சாக்கிய முறைகள் விரைந்த காட்சியைத் தந்து, குறுகிய பயனையும் மிகுந்த விலையையும் விட்டுச் சென்றன. நோய் மூண்டு உயிர்கள் மடியும் வேளையில் புகையும் வேண்டப்படலாம். அவ்வேளையிலும் பூவின் நேரமும் தேனீயின் நேரமும் அறிந்து செய்வதே அறிவுடைமையாகும்.

பெயரற்ற தமிழர்கள் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் முழங்கால் அளவு நின்று வெட்டிய வடிகால், கொசுவின் தொட்டிலை அழித்துத் தேனீயின் மலரை விட்டுவைத்தது. இன்று அவ்வேலைக்கு மண்வெட்டியும் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கும் கை போதும். அக்கை சோம்பியிருக்கும் வீட்டின் வாசலுக்கே புகை வருகின்றது. வந்தபின், சுவர்ப் பொந்தில் வாழும் கொசுத்தேனீயிடம் அது பெயர் கேட்பதில்லை.